பேருந்து நிறுத்தம் வரை

இசையைப் பற்றி எழுதும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரு ராகத்தில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு கச்சேரியில். எனக்கு அந்த வசதி இல்லை. நான் எழுதப்போவது சத்தத்தைப் பற்றி. அதை இசை என்று ஒப்புக்கொள்ள என் வீட்டில் இன்றுவரை ஒருவரும் தயாராக இல்லை.

கோவையில் ஒரு பஞ்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். கடிகாரம் பார்க்கத் தெரிவதற்கு முன்பே மில் சங்கைக் கேட்டு நேரம் சொல்லத் தெரியும். அப்பா ஸ்பின்னிங் பகுதியில் ரிங் ஃபிரேம் ஓட்டினார். அவருக்கு இடது காது கேட்காது. வீட்டில் எல்லோரும் அவருடைய வலப்பக்கம் அமர்ந்துதான் பேசுவோம். இரவில் பாயில் படுத்தால் ஆலையின் இரைச்சல் தரை வழியாக முதுகில் ஏறும். எங்களுக்கு அது சத்தமாகத் தோன்றியதில்லை. வீட்டின் ஒரு பகுதி, சுவரைப்போல. தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டபோது, முதல் வாரம் முழுக்க அப்பா தூங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, “சத்தம் நின்னு போச்சுன்னா எப்படிக் கண்ணு தூக்கம் வரும்?” என்றார்.

2006 இலையுதிர் காலத்தில் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்தேன். அதுவும் ஆலைகளின் ஊர்தான் என்பது வந்த பிறகே தெரிந்தது. ஹோல்பெக் பகுதியில் டெம்பிள் வொர்க்ஸ் என்று ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. எகிப்தியக் கோயிலைப் போன்ற முகப்பு, பருத்த தூண்கள். உள்ளே இருந்தது கடவுள் அல்ல, ஆளி நார் நூற்கும் ஆலை. 1830களின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. நூல் அறாமலிருக்க உள்ளே ஈரப்பதம் வேண்டும் என்பதால் கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்து, அந்தப் புல்லை மேய ஆடுகளை விட்டிருந்தார்களாம். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது ஆடுகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஈரம் இல்லீன்னா நூல் நிக்காது” என்று மட்டும் சொன்னார்.

அந்த நவம்பரில் ஒரு மழை இரவு. ஒரு மதுக்கடையைக் கடந்து நடந்துகொண்டிருந்தேன். அதன் நிலவறைச் சன்னல் நடைபாதையின் மட்டத்தில் இருந்தது. அதன் வழியாக ஒரு தாளம் வந்தது. மனிதக் கை அடிக்கும் தாளமல்ல அது. எந்த இடத்திலும் மூச்சு வாங்காத, எதற்காகவும் நிற்காத ஒன்று. அதன்மேல் ஆழக் கிணற்றிலிருந்து வருவதுபோல் ஓர் ஆண் குரல். கால்கள் தாமாகவே படியிறங்கின.

உள்ளே நாற்பது பேர் இருந்திருப்பார்கள், அத்தனை பேரும் கறுப்பில். (பின்னாளில் அங்கே எடுத்த ஒரு புகைப்படத்தை ஊருக்கு அனுப்பியபோது அம்மாவின் முதல் கேள்வி, “மாலை போட்டிருக்கியா?” அப்பாவின் கேள்வி, திராவிடர் கழகத்துக்கு அங்கேயும் கிளை உண்டா என்பது.) வெளுத்த முகங்கள், மையிட்ட கண்கள், வெள்ளிச் சிலுவைகள். நானோ அலுவலகத்துக்கு அணியும் நீலக் கோடுபோட்ட சட்டையில், கழுத்தில் அடையாள அட்டையுடன் நின்றிருந்தேன். இருட்டறையில் குழல்விளக்கைப் போட்டதுபோல இருந்திருக்கும்.

திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தபோது ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி அருகில் வந்தார். ஊதாக் கூந்தல், தரையைத் தொடும் கறுப்புப் பாவாடை. ஒரு நூலகத்தில் பணிபுரிகிறார் என்று பிற்பாடு தெரிந்தது. அவரை இங்கே நூலகர் என்றே குறிப்பிடுகிறேன். எந்தக் குழுவின் பாட்டுகள் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. “எது உங்களை உள்ளே இழுத்தது?” என்றார். எனக்கிருந்த ஆங்கிலத்தில் பஞ்சாலையைச் சொன்னேன், தரை வழியாக ஏறும் சத்தத்தைச் சொன்னேன். அவர் என் கழுத்து அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்படியானால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள்” என்றார்.

அன்று சன்னல் வழியாகக் கேட்ட குரல் தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ எல்ட்ரிச்சினுடையது. 1980இல் இதே லீட்ஸில் தொடங்கப்பட்ட குழு. அவர்களுடைய தாளக்காரர் ஒரு மின்னணு இயந்திரம். அதற்கு டாக்டர் அவலான்ஷ் என்று பெயர் சூட்டிக் குழுவின் உறுப்பினராகவே நடத்தினார்கள். பாடகரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள், இயந்திரம் மட்டும் நிலைத்துவிட்டது என்பது இங்குள்ளவர்கள் அலுக்காமல் சொல்லும் நகைச்சுவை.

காத்திக் என்றும் இண்டஸ்ட்ரியல் என்றும் இரண்டு பெயர்களைச் சேர்த்தே சொல்கிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு ஊற்றுக்கண்கள். காத்திக்கின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1979இல் நார்த்தாம்ப்டனின் பௌஹவுஸ் குழு வெளியிட்ட ஒரு பாட்டு. திரையில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி இறந்துவிட்டார் என்பதுதான் அதன் தலைப்பே. ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஓடும். குரல் நுழைவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன் குழு அதே ஆண்டில் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. வழக்கமாகக் கிடார் ஏற்கும் மெட்டை அங்கே பேஸ் கிடார் ஏற்றுக்கொண்டது. கிடார் பின்னால் நின்று தேம்பியது. 1982இல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற விடுதி திறந்த பிறகு உடையும் ஒப்பனையும் சேர்ந்துகொண்டன. துக்கத்தை மறைக்காமல், அதற்கு நல்ல உடை உடுத்தி வெளியே அழைத்துவரும் இசை என்று நான் அதைப் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இண்டஸ்ட்ரியலின் கதை வேறு. ஹல் நகரில் நிகழ்கலைக் குழுவாகத் தொடங்கியவர்கள் லண்டனுக்கு வந்து த்ராபிங் கிரிஸ்ல் ஆனார்கள். 1976இல் தங்கள் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயரே இந்த வகைக்கும் நிலைத்தது. ஷெஃபீல்டில் அதற்கும் முன்பே, 1973 முதல், கேபரே வோல்டேர் குழுவினர் ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அது எஃகின் ஊர். இரவு முழுதும் சம்மட்டி எந்திரங்கள் விழும் ஒலியைக் கேட்டே வளர்ந்ததாக அந்த ஊர் இசைஞர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது, என் பாயும் தரையும் வேறொருவரின் நினைவில் கிடந்ததைக் கண்டதுபோல இருந்தது.

நூலகர் எனக்கு ஒரு குறுந்தகடு பதிந்து தந்தார். உறைக்குள் கையெழுத்தில் ஒரு பட்டியல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரிக் குறிப்புடன். ‘இது பிடிக்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம், எனக்கும் பத்து ஆண்டுகள் ஆயின’ என்று ஒன்றுக்கு எழுதியிருந்தார். அது மேற்கு பெர்லினில் 1980இல் உருவான ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பௌட்டன் குழுவின் பாட்டு. ‘இடிந்துவிழும் புதுக் கட்டடங்கள்’ என்பது அந்தப் பெயருக்குப் பொருள். பழைய இரும்புக் கடையிலும் கட்டுமான இடங்களிலும் கிடைத்தவைதான் அவர்களுக்கு வாத்தியங்கள்: தகடு, சுருள்வில், துளைப்பான்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஓர் ஆசையில், அப்பாவின் வலது காதில் ஒலிவாங்கியை வைத்து அதைக் கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, “இது ப்ளோ ரூம் இல்ல கண்ணு. எங்கியோ பெல்ட்டு லூசா ஓடுது. மேஸ்திரிகிட்டச் சொல்லோணும்” என்றார். எத்தனையோ விமர்சகர்களைப் படித்துவிட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை.

நூலகரும் நண்பர்களும் மாதம் ஒருமுறை ஒரு மதுக்கடையின் மாடியறையில் கூடினார்கள். இசைத்தட்டு கேட்பது, பேசுவது, கொஞ்சம் ஆடுவது. பெரிய நிகழ்வுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. டிராகுலா நாவலில் வரும் விட்பி என்ற கடற்கரை ஊரில் 1994இல் ஒரு பெண் தன் பேனா நண்பர்கள் நாற்பது பேரைக் கூட்டினார். ஆயிரக்கணக்கானோர் திரளும் காத் திருவிழாவாக அது வளர்ந்தது. சிற்றிதழின் பின்னட்டை முகவரிக்குக் கடிதம் எழுதி நண்பர்களைத் தேடிக்கொண்ட தலைமுறைக்கு இது புதுமையல்ல. முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் பாதியைக் கைப்பட உறையிலிட்டு அனுப்பியவர்களை நானும் அறிவேன்.

மாடியறையில் எழுதப்படாத சில வழக்கங்கள் இருந்தன. புதிதாக வருபவரின் பக்கத்தில் யாரேனும் ஒருவர் அமர வேண்டும். அவருக்குத் தெரியாத ஒரு பெயரைப் பேச்சில் எடுத்தால், எடுத்தவரே அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவது வழக்கம் மிக நல்ல ஒன்று. நம் இலக்கியக் கூட்டங்களில் இதை நடைமுறைப்படுத்தினால் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது, இரவு கலையும்போது யாரையும் தனியாக அனுப்புவதில்லை. பேருந்து நிறுத்தம் வரை ஒருவர் கூடப் போவார். பேருந்து வரும்வரை நிற்பார்.

மூன்றாவது வழக்கத்தைத் தொடக்கத்தில் நான் வெறும் மரியாதை என்றே எண்ணியிருந்தேன். 2007 ஆகஸ்டில் பொருள் புரிந்தது. பென்னைன் மலைகளுக்கு அப்பால், லாங்கஷயரில், பேக்கப் என்று ஒரு சிற்றூர். அதுவும் பழைய பஞ்சாலை ஊர். சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண் தன் காதலனுடன் இரவில் ஒரு பூங்கா வழியே போய்க்கொண்டிருந்தாள். இருவரும் காத் உடையில். பதின்வயதுப் பையன்கள் சிலர் முதலில் அவனைத் தாக்கினார்கள். விழுந்தவனின் தலையை மடியில் ஏந்திக்கொண்ட சோஃபியையும் உதைத்தார்கள். அவன் பிழைத்தான். அவள் பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு இறந்தாள். அவர்களுடைய தோற்றம்தான் காரணம், வேறு பகை எதுவும் கிடையாது. மறு ஆண்டு தண்டனை வழங்கிய நீதிபதி அதைக் குறிப்பிட்டே சொன்னார்.

சோஃபியின் தாய் சில்வியா, மகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகச் சென்று பேசினார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, இத்தகைய தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. பிரிட்டனில் அதுவே முதல்முறை. கவிஞர் சைமன் ஆர்மிட்டேஜ் சோஃபியின் குரலில் கவிதைகளும், இடையிடையே சில்வியாவின் பேச்சுமாக ஒரு வானொலிப் படைப்பு எழுதினார். 2011இல் பிபிசியில் ஒலிபரப்பாயிற்று. சில்வியா 2022இல் மறைந்தார். விட்பியில் சோஃபியின் நினைவாக ஒரு மர இருக்கை இருக்கிறது. ஒரு ஏப்ரலில் அங்கே போயிருந்தேன். நூலகர் அதில் உட்காரவில்லை; சற்றுத் தள்ளி நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எழுதும்போது, அந்த மாடியறை எல்லோருக்கும் திறந்துகிடந்த சத்திரம் என்று தோன்றக்கூடும். அப்படி இல்லை. இண்டஸ்ட்ரியல் இசைக்கு ஒரு நோய் உண்டு. அதிகாரத்தைப் பகடி செய்கிறோம் என்று ராணுவச் சீருடையும் சின்னங்களும் அணிந்து மேடையேறிய குழுக்கள் பல. யூகோஸ்லாவியாவின் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து 1980இல் கிளம்பிய லைபாக் அந்தப் பகடியைக் கலையாகவே ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பகடியைப் பகடி என்று அறியாமல், அல்லது அறிந்தே அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வருபவர்களும் உண்டு. ஒரு மாதம் அப்படி ஒருவன் வந்தான். நீண்ட ராணுவ மேலங்கி, காலரில் ஒரு சின்னம். அறையில் இருந்த ஒரே பழுப்பு நிறத்தவன் நான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமலிருக்க முயன்றதை உணர்ந்தேன். நூலகர் எழுந்துபோய் அவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். அவன் சிரித்து, வெறும் உடைதானே என்று கையை விரித்தான். “அப்படியானால் கழற்றுவதில் சிரமம் இருக்காது” என்றார் அவர். அவன் கழற்றவில்லை; போய்விட்டான். அன்று அவர் அதைச் செய்யாதிருந்தால் அடுத்த மாதம் நான் போயிருக்க மாட்டேன். எல்லோரையும் வரவேற்கும் இடம் என்று ஒன்று கிடையாது. யார் வந்தால் யார் வராமல் போவார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

2020 மார்ச்சில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது மாடியறை கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. ஆளுக்கொரு சதுரத்தில் அமர்ந்து ஒரே இசைத்தட்டைக் கேட்டோம். இணைப்பின் தாமதத்தால் எவருடைய தலையசைப்பும் எவருடையதோடும் பொருந்தவில்லை. படியேற முடியாத முதியவர்கள், குழந்தையை விட்டு வர முடியாத தாய்மார்கள், முன்பு ஒருபோதும் வந்திராதவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் உட்காருவது எப்படி என்பதுதான் சிக்கலாக இருந்தது. புதியவர்களை முதல் நாளே தொலைபேசியில் அழைத்துப் பேசுவது என்று முடிவாயிற்று. பேருந்து நிறுத்தத்துக்கு மாற்றாக, கடைசிப் புதியவர் விடைபெறும்வரை நூலகர் திரையை அணைக்காமல் காத்திருந்தார்.

இனி, இவ்வளவையும் எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2022 நவம்பரில் வெட்னஸ்டே என்ற தொலைக்காட்சித் தொடர் வெளியாயிற்று. அதில் நாயகி கறுப்பு உடையில் ஆடும் ஒரு நடனம் உலகெங்கும் பரவியது. பின்னணியில் தி கிராம்ப்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு. மறு ஜனவரியில், நாங்கள் மீண்டும் மாடியறையில் கூடத் தொடங்கிவிட்டிருந்த நாட்களில், பத்தொன்பது வயதிருக்கக்கூடிய ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தாள். இரட்டைச் சடை, வெள்ளைக் காலர் வைத்த கறுப்பு உடை. காலரை அவளே தைத்திருந்தாள் என்பது கோணலான தையலிலேயே தெரிந்தது. காலியாயிருந்த நாற்காலி என் பக்கத்தில்தான்.

“அந்தத் தொடருக்கு முன்னால் கிராம்ப்ஸ் கேட்டதுண்டா?” என்று கேட்டேன்.

இல்லை என்றாள். “வேறு எது கேட்பீர்கள்?” என்றேன். ஏதோ சொன்னாள். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில், கோவையில் நான் போன முதல் இலக்கியக் கூட்டத்தில், “மௌனி வாசித்திருக்கீங்களா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த அதே புன்னகை. அதன்பின் ஏழு ஆண்டுகள் நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. மௌனியையும் அந்த ஏழு ஆண்டுகள் வீம்புக்காகவே தொடாமல் இருந்தேன். நஷ்டம் எனக்குத்தான்.

அவள் இன்னும் இரண்டு பாட்டுகள் இருந்தாள். நான் பக்கத்து மேசைக்காரரிடம் ஓர் அரிய பதிப்பைப் பற்றிப் பேசத் திரும்பியிருந்தேன். பிறகு பார்த்தபோது நாற்காலி காலி.

நூலகர் வந்து, “அந்தப் பெண் எங்கே?” என்றார். போய்விட்டாள் என்றேன். “அவளோடு யார் போனது?” என்றார்.

மேலங்கியை எடுக்காமலே இறங்கி ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை. மழைகூட இல்லை. அட்டவணைப்படி அதற்கு முந்தைய பேருந்து நான்கு நிமிடங்களுக்கு முன்பு போயிருக்க வேண்டும். ஏறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஏறித்தான் இருப்பாள். அடுத்த சில நாட்கள் உள்ளூர்ச் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தேன், எதுவும் இல்லை. படிக்கும்போதெல்லாம் என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

நூலகர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பாட்டே கிராம்ப்ஸினுடையது அல்ல, 1962இல் வேறு யாரோ பாடி மறக்கப்பட்ட ஒன்றைத்தான் அவர்கள் எடுத்துப் பாடினார்கள் என்பதை மட்டும் சொன்னார். எனக்கு அது தெரியாது. இரண்டே வாக்கியத்தில் சொன்னார், வழக்கப்படி. பிறகு, “அடுத்த மாதத்திலிருந்து கதவருகே இருக்கும் நாற்காலி உங்களுடையது” என்றார்.

அன்று முதல் அங்கேதான் அமர்கிறேன். அங்கே இசை சரியாகக் கேட்காது. படிக்கட்டின் காற்று வேறு முழங்காலைப் பிடிக்கிறது. அந்தப் பெண் இதுவரை வரவில்லை. இரட்டைச் சடை யார் தலையில் தெரிந்தாலும் எழுந்துவிடுகிறேன்.

போன மாதம் பழுப்புக் கம்பளிச் சட்டை அணிந்த ஒரு மனிதர், அறுபது வயதிருக்கும், படியேறி வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். காட்டினேன். திரும்பும்போது கதவருகே தயங்கி நின்றார். உள்ளே நொய்பௌட்டன் ஓடிக்கொண்டிருந்தது. “உள்ளே ஏதாவது பழுதுபார்க்கிறார்களா?” என்றார்.

“பெல்ட் லூசாக ஓடுகிறது” என்று சொல்லி, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.